மூச்சில் தொடங்கி முழங்கைக்கு: விலாவிடை நரம்பு மாற்றிய கையை மூளை வசப்படுத்தும் விதம் (நிகழ்வு ஆய்வு)

27 வயது ஆண், வலக்கைப் பழக்கம் உள்ளவர். காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். இரவு எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்கில் வந்தபோது, விளக்கில்லாமல் ஓரத்தில் நின்ற கன்டெய்னர் டிரெய்லரைத் தவிர்க்க வண்டியை ஒடித்தார். வண்டி சறுக்கி, வலத் தோள் தரையில் மோதி விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. ஆனால் தோள் கீழே தள்ளப்பட்ட அதே நொடியில் தலை இடப்பக்கம் இழுபட்டது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு வேர்களைப் பிய்ப்பது இந்த எதிரெதிர் இழுப்புதான்.

இது தனியொருவரின் கோப்பு அல்ல. வடசென்னையின் துறைமுகச் சாலைகளில் நடக்கும் பைக் விபத்துகளில் இந்தக் காயம் வழக்கமாக எப்படிப் போகிறதோ, அதைக் கொண்டு கற்பிப்பதற்காகத் தொகுத்த மாதிரி நிகழ்வு. ஆள் கற்பனை. நரம்பும் மூளையும் நடந்துகொள்ளும் விதம் கற்பனை அல்ல.

போன நாட்களும் பரிசோதனையும்

வலக் காறை எலும்பும் முறிந்திருந்தது. வீட்டார் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போனார்கள். எலும்பு கூடியது. கை தொங்குவது கட்டினால் என்று எல்லோரும் நம்பியதில் 6 வாரம் போனது. கட்டைப் பிரித்தபின்தான் தோள் முதல் விரல் வரை எதுவும் அசையவில்லை என்பது உறைத்தது. எலும்பு முறிந்த அன்றே விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். விபத்தில் தோள் அடிபட்ட யாருக்கும் தோளை உயர்த்துதல், முழங்கையை மடக்குதல், மணிக்கட்டைத் தூக்குதல், விரலை மூடுதல், விரலை விரித்தல் என்ற ஐந்தையும் பார்த்துவிட ஒரு நிமிடம் போதும்.

7ஆம் வாரப் பரிசோதனையில் சி5 முதல் டி1 வரை, கைக்குப் போகும் ஐந்து வேர்களும் செயலற்றிருந்தன. வலக் கண்ணின் பாப்பா சிறுத்து இமை சற்றுத் தொங்கியது. டி1 வேர் தண்டுவடத்தை ஒட்டியே பிய்ந்ததற்கு இது அடையாளம். தோள்பட்டை எலும்பை முதுகோடு இழுக்கும் ராம்பாய்டு தசையும், அதை விலாவோடு பிடித்துவைக்கும் செர்ரேட்டஸ் தசையும் வேலை செய்யவில்லை. இவற்றின் நரம்புகள் வேரின் தொடக்கத்திலேயே கிளைப்பவை. அவையும் போயிருந்தால் சேதம் தண்டுவடத்துக்கு மிக அருகில் என்று பொருள். காறை எலும்புக்கு மேலே தட்டியபோது கைக்குள் சுரீரென்று ஓடவில்லை.

நரம்புக் கடத்தல் சோதனையில் உணர்வு நரம்புகள் "நார்மல்" என்று வந்தது. நல்ல செய்தி என்று வீட்டார் மகிழ்ந்தார்கள். உண்மை நேர்மாறு. உணர்வு நரம்பின் உயிரணு தண்டுவடத்துக்கு வெளியே ஒரு முடிச்சில் இருக்கிறது. வேர் அந்த முடிச்சுக்கு உட்புறமாகப் பிய்ந்தால், உயிரணுவோடு சேர்ந்த இழை சாகாது, மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். ஆனால் மூளைக்குச் செய்தி போகாது. கையில் உணர்ச்சியே இல்லை, ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்றால் வேர் பிய்ந்திருக்கிறது. எம்ஆர்ஐயில் வேர்கள் இருந்த இடங்களில் தண்டுவட நீர்ப்பைகள் தெரிந்து இதை உறுதிப்படுத்தின. விபத்து நடந்து 3 முதல் 4 வாரத்துக்கு முன் எடுத்த இஎம்ஜியும் (தசையின் மின்துடிப்புப் பதிவு) எம்ஆர்ஐயும் குழப்பிவிடும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் தாமதம் பெரிதாகக் கெடுக்கவில்லை.

மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானம் இரு பக்கமும் சமமாக இறங்கியது. 3, 4, 5ஆம் விலா எலும்புகளில் முறிவு இல்லை. அடுத்து செய்யப்போவதற்கு இந்த இரண்டும் கட்டாயம்.

அறுவைக்கு முன்

பிய்ந்த வேரைத் தண்டுவடத்தோடு மீண்டும் தைத்து வேலை வாங்குவது வழக்கமான சிகிச்சையில் இல்லை. எனவே, வேறு வேலையில் இருக்கும் நல்ல நரம்பு ஒன்றை வெட்டி, செத்த நரம்பின் தசைப்பக்க முனையில் தைக்கிறார்கள். பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்து நம் வீட்டு விளக்கை எரிப்பது போன்றது. ஸ்விட்சும் பக்கத்து வீட்டில்தான் இருக்கும் என்பதிலிருந்து இந்த ஆய்வின் விஷயம் தொடங்குகிறது.

நரம்பின்றி 12 முதல் 18 மாதம் கிடந்த தசை திரும்புவது அரிது. இழை வளர்வதோ நாளுக்குச் சுமார் 1 மி.மீ. ஆகவே 6 மாதத்துக்குள், கூடுமானால் 3 முதல் 4 மாதத்துக்குள் அறுவை முடிய வேண்டும். இங்கே 4ஆம் மாதத்தில் நடந்தது. இடைப்பட்ட வாரங்கள் காத்திருப்பதற்கு அல்ல. கையிலிருந்து செய்தி வராத, மூளையின் மேலடுக்கான புறணியின் பகுதியைப் பக்கத்துப் பகுதிகள் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகின்றன. அதனால் தினம் இரு வேளை, 10 முதல் 15 நிமிடம் கண்ணாடிப் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஓரம் தேய்த்த, சுமார் 40 × 50 செ.மீ. கண்ணாடியை மார்புக்கு நேராக நிறுத்தி, வலக்கையைப் பின்னால் மறைத்து, இடக்கை முழங்கையை மடக்கி நீட்டி, பிம்பத்தில் வலக்கை மடங்குவதாகப் பார்க்க வேண்டும். அதே நேரம் வலக்கையையும் மடக்க முயல வேண்டும். இந்த முறையை 1990களில் கொண்டுவந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் கண்ணாடிப் பெட்டியை முதலில் சோதித்தவர்களில் ஒருவர், மோட்டார்சைக்கிள் விபத்தில் இதே நரம்புப் பின்னல் பிய்ந்து பின்னர் கையை இழந்தவர்.

கூடவே, கொடை நரம்பை, அதாவது இங்கே விலா எலும்புகளுக்கிடையே ஓடி மூச்சுக்கு உதவும் விலாவிடை நரம்பை, அடையாளம் காணும் பயிற்சி. வலப்பக்க மேல் மார்பில் இடக் கையை வைத்து, வயிறு உப்பாமல் விலா மட்டும் விரியும்படி மூச்சிழுக்கப் பழக்கினார்கள். அறுவைக்குப்பின் எதை முடுக்க வேண்டும் என்பதை முன்பே உடம்பில் கண்டுபிடித்து வைத்திருந்தால் பல வாரங்கள் மிச்சம்.

பேட்டைக் கடைகளில் "கரண்ட் வைத்தல்" பற்றி ஒரு வார்த்தை. நரம்பறுந்த தசையைச் சுருக்க 100 மில்லி நொடிக்கு மேற்பட்ட நீண்ட துடிப்பு வேண்டும். வலிக்கு வைக்கும் சிறு டென்ஸ் கருவி தருவது ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. அது பக்கத்தில் உள்ள நல்ல தசையைத்தான் துள்ளவைக்கும். நீண்ட துடிப்பே தசையைக் காப்பாற்றுகிறதா என்பதற்கான சான்றும் பலமாக இல்லை. அந்தப் பணத்தையும் நேரத்தையும் மூட்டுகளை விறைக்காமல் வைப்பதில் செலவிடுவது மேல்: முழங்கை முழுதாக மடங்கி நீள வேண்டும், விரல் அடிமூட்டுகள் மடங்க வேண்டும், கட்டைவிரல் இடுக்கு சுருங்கக் கூடாது. உணர்ச்சியற்ற கை சைலன்சரிலும் டீ கிளாசிலும் பொசுங்குவது இந்தத் தொழிலில் சாதாரணம். தினம் ராத்திரி கையைத் திருப்பிப் பார்ப்பதை வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்தார்.

அறுவையில் நடந்தது

இரண்டு மாற்றங்கள். ஒன்று, கழுத்தருகே, டிரபீசியஸ் என்ற கழுத்து-தோள் தசையை இயக்கும் துணை நரம்பின் கீழ்க்கிளையைத் தோள்பட்டையின் சுப்ராஸ்கேப்புலர் நரம்போடு இணைத்தார்கள். டிரபீசியஸின் மேற்பகுதிக்குப் போகும் கிளைகளை விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் இன்னும் தொங்கும்.

இரண்டாவது, 3, 4, 5ஆம் விலாவிடை நரம்புகளை, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையை இயக்கும் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்போடு இணைத்தார்கள். ஒவ்வொரு நரம்பையும் விலாவின் கீழ் விளிம்பை ஒட்டி முன்னே குருத்தெலும்பு வரை பிரித்து, அங்கே வெட்டி, அக்குளுக்குள் திருப்பி, இடையில் ஒட்டு நரம்பு வைக்காமல் நேரடியாகத் தைப்பது. ஒட்டு வைத்தால் இழைகள் இரண்டு தையலைத் தாண்ட வேண்டும், வழியில் பல தொலையும். நுண்நோக்கியின் கீழ் 9-0 அல்லது 10-0 என்ற மிக மெல்லிய நைலான் நூல். தோளை 90 பாகைக்கு விரித்து வைத்து இழுவிசை இல்லை என்று பார்த்தபின்தான் காயத்தை மூடினார்கள். நுரையீரல் உறை கிழிந்திருக்கிறதா என்று உப்பு நீர் ஊற்றி, நுரையீரலை விரித்து, குமிழி வருகிறதா எனப் பார்ப்பது வழக்கம். வரவில்லை. நரம்பைத் தூண்டிப் பார்க்க வேண்டியிருப்பதால் நீண்ட நேரம் வேலை செய்யும் தசைத் தளர்ப்பியை மயக்க மருத்துவர் தவிர்க்க வேண்டும்.

ஒரு விலாவிடை நரம்பில் சுமார் 1,300 உறையுள்ள இழைகள், அதிலும் பாதிக்கு மேல் உணர்வு இழைகள். மஸ்குலோகியூட்டேனியஸில் சுமார் 6,000. மூன்றைச் சேர்த்தாலும் கணக்கு சமமாகாது. எனவே "பழைய கை" என்ற பேச்சை ஆரம்பத்திலேயே வெட்டிவிட வேண்டும். இலக்கு, முழங்கையைப் புவியீர்ப்புக்கு எதிராக மடக்குவது. விரல்கள் இந்த அறுவையால் திரும்பாது என்பதை அறுவைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, வீட்டாரையும் வைத்துக்கொண்டு சொன்னார்கள்.

4 வாரம் கை மார்போடு கட்டியிருந்தது. அதன்பிறகும் சில மாதங்களுக்குத் தோளை 90 பாகைக்கு மேல் விரிக்கத் தடை. அக்குளில் தைத்த இடம் இழுபட்டால் எல்லாம் வீண்.

மூளையின் பக்கம்

"முழங்கையை மடக்கு" என்ற கட்டளை இப்போதும் இயக்கப் புறணியின் கைப் பகுதியிலிருந்து சி5, சி6 மட்டத்துக்கே போகிறது. அங்கிருந்து வெளியேற வழியில்லை. பைசெப்ஸை இனி ஆள்வது தண்டுவடத்தின் டி3 முதல் டி5 வரையிலான நரம்பணுக்கள். அவற்றுக்கு இரண்டு எசமானர்கள். முதலாவது முகுளத்தின் மூச்சு மையம். தூக்கத்திலும் விடாமல் முடுக்கிக்கொண்டிருப்பது. இரண்டாவது, புறணியில் உடற்பகுதியை ஆளும் பாகம். வேண்டுமென்றே மூச்சிழுக்கையில் பயன்படுவது. இயக்கப் புறணியில் உடற்பகுதி தலையுச்சிப் பக்கமும், கைப் பகுதி அதை அடுத்து வெளிப்பக்கமும் அமைந்திருக்கின்றன. அண்டை வீட்டார் என்பதுதான் இங்கே வாய்த்த அதிர்ஷ்டம்.

1995இல் ஜப்பானின் மானோ குழுவினர் இதே அறுவை செய்துகொண்டவர்களின் மூளையைக் காந்தத் துடிப்பால் தொட்டு, பைசெப்ஸ் எந்த இடத்திலிருந்து துடிக்கிறது என்று வரைபடம் எடுத்தார்கள். ஆரம்பத்தில் அந்த இடம் விலாவிடைத் தசைகளின் பகுதியில் இருந்தது. காலம் போகப்போக வெளிப்பக்கம் நகர்ந்து கைப் பகுதிக்கு வந்தது. நெதர்லாந்தின் லைடனில் மாலெஸி குழுவினர் செய்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின.

இங்கே புது இழை எதுவும் நீளமாக முளைத்து ஓடுவதில்லை. கைப் பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையே புறணிக்குள் கிடைமட்ட இணைப்புகள் முன்பே இருக்கின்றன, தடுப்புச் செய்தியால் அடங்கிக் கிடக்கின்றன. கைப் பகுதிக்கு வேலை இல்லாமல் போனதும் தடுப்பு தளர்கிறது. இரு முனையும் ஒரே சமயத்தில் எரியும்போதெல்லாம் இணைப்பு வலுப்படுகிறது. பயிற்சிக்கான ஒரே விதி இதிலிருந்து வருகிறது: மூச்சும் மடக்கும் எண்ணமும் ஒரே நொடியில் நிகழ வேண்டும். மூச்சு மட்டும் இழுத்தால் தசை அசையும், கைப் பகுதி கற்றுக்கொள்ளாது. எண்ணம் மட்டும் வைத்தால் தசை அசையாது, கற்க ஒன்றும் இருக்காது. "தினம் நூறு தடவை மூச்சுப் பயிற்சி செய்" என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு முதல் தவறைச் செய்கிறது.

முதல் துடிப்பு முதல் பிரிப்பு வரை

அறுவைக்குப்பின் 5ஆம் மாத இஎம்ஜியில் (இனி வரும் மாதங்களும் அறுவையிலிருந்து எண்ணியவை) ஆழ்ந்து மூச்சிழுத்தபோது பைசெப்ஸில் சில புதிய அலகுகள் துடித்தன. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. 7ஆம் மாதம் தசை தோலுக்கடியில் நெளிந்தது. அப்போதிருந்து சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: "தம்பி, மூச்ச நல்லா இழு. இழுக்கும்போதே கைமுட்டிய மடக்கணும்னு நெனச்சு மடக்கு. அஞ்சு எண்ற வரைக்கும் புடி. விடு."

டால்கம் பவுடர் தூவிய மேசையில், கையைத் தோள் உயரத்தில் படுக்கவைத்து, புவியீர்ப்பு இல்லாத நிலையில் பயிற்சி. 5 நொடி பிடி, 10 நொடி ஓய்வு, ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, நாளுக்கு 5 அல்லது 6 வேளை. தசை துடித்தால் கூவும் கருவியின் தோல்மேல் இஎம்ஜி மின்முனைகளை, பைசெப்ஸ் தசையின் பருத்த பாகத்தின் கீழ்ப்பாதியில் 2 செ.மீ. இடைவெளியில் ஒட்ட வேண்டும். மேல்பாதியில் ஒட்டினால் மார்புத் தசையின் சத்தம் கலந்து, கருவி பொய்யாகக் கூவும். ஆள் மார்பை இறுக்கவே கற்றுக்கொள்வார். நம் ஊர் வியர்வைக்கு ஒட்டு நிற்பதில்லை. ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, மேலே டேப் போட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் மூன்று விஷயங்கள் கெட்டன. ஆர்வத்தில் வேகவேகமாக மூச்சிழுத்ததில் தலை சுற்றி, உதடும் இடக்கை விரல்களும் மரத்தன. கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறியதன் விளைவு. ஐந்து மூச்சுக்கு ஒரு நிமிடம் ஓய்வு என்றதும் நின்றது. அடுத்து, வேலையிலிருந்து வந்து ஒரே மூச்சாக முக்கால் மணி நேரம் செய்தார். பத்தாவது தடவைக்குப் பின் துடிப்பு மறைந்தது, நரம்பு செத்துவிட்டது என்று அம்மா அழுதார். புதிதாக இழை ஏறிய தசை சீக்கிரம் களைக்கும். மறுநாள் காலை துடிப்பு பழையபடி இருந்தது. மூன்றாவது ஏமாற்று: உடம்பைப் பின்னால் வீசி முன்கையை ஊஞ்சலாக ஆட்டுவது. வீடியோவில் அருமையாக மடங்கும். முதுகைச் சுவரில் ஒட்டி உட்காரவைத்ததும் குட்டு வெளிப்படும்.

10ஆம் மாதம் மேசைமேல் முழுதாக மடங்கியது, தசை வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடும் அளவில் எம்2. 14ஆம் மாதம் புவியீர்ப்பை மீறியது, எம்3. பல இடங்களில் சிகிச்சை இங்கே முடிந்துவிடுகிறது. கோப்பில் "வெற்றி" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அன்று அவர் முழங்கையை மடக்கிப் பிடித்தபடி பேர் சொல்லக்கூட முடியவில்லை. பேச வாய் திறந்ததும் மூச்சு வெளியேறி, கை விழுந்தது. பேசினால் விழும் கையில் யாரும் பையை மாட்டிக்கொள்ள மாட்டார்கள். பெரிய மூச்சோடு சேர்த்துப் பழகிய காலம் நீளநீள அந்த முடிச்சும் இறுகும் என்பதால், எம்2 வந்தவுடனேயே கையை மூச்சிலிருந்து பிரிக்கத் தொடங்கியிருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

பிரிப்பதற்கு வரிசை உண்டு. முதலில் முழு மூச்சுக்குப் பதில் அரை மூச்சில் மடக்குதல். பிறகு மடக்கிய கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சை வெளியே விடுதல். கடினமான படி இதுதான், இதில் மட்டும் சில வாரங்கள் போகும். பிறகு மூச்சு வெளியேறிக்கொண்டிருக்கும்போதே மடக்கத் தொடங்குதல். பிறகு கையை மடக்கிப் பிடித்தபடி ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாக எண்ணுதல். கடைசியில் நடந்துகொண்டே, போனில் பேசிக்கொண்டே, முன்கையில் பையோடு. இதற்கு எதிர்ப்பயிற்சியும் வேண்டும்: கையைத் தளர்த்திவிட்டு ஆழமாக மூச்சிழுத்து, கருவி கூவாமல் வைத்திருப்பது. எதைச் செய்யாமல் இருப்பது என்று கற்பதும் இதில் பாதி வேலை. மூச்சை அடக்கி முக்குவதை மட்டும் எந்தக் கட்டத்திலும் அனுமதிக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறும், அதோடு அது பழைய முடிச்சை வேறு பெயரில் கட்டுவதுதான்.

20ஆம் மாதத்தில் இருபது வரை எண்ணினார். இருமினாலும் தும்மினாலும் முழங்கை வெட்டி மடங்குவது இன்னும் இருக்கிறது. அது முகுளத்திலிருந்து நேரே வரும் முடுக்கம். புறணியின் பயிற்சி அதைத் தொடாது. முற்றிலும் போகும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

உணர்விலும் ஒரு விசித்திரம். முன்கையின் வெளிப்பக்கத்தைத் தடவினால் மார்பில் தடவுவதாகத் தெரிந்தது, ஏனெனில் விலாவிடை நரம்பின் உணர்வு இழைகள் தோல் வரை வளர்ந்திருந்தன. பயமுறுத்தும், ஆனால் நல்ல அறிகுறி. கண்ணால் பார்த்தபடி பஞ்சு, கயிறு, கோணி என மாற்றி மாற்றித் தேய்க்கச் சொன்னதில், மார்பிலும் கையிலும் ஒரே நேரத்தில் தெரிகிறது என்ற நிலைக்கு வந்தார்.

வேர் பிய்ந்த கைக்கே உரிய எரிச்சலும் மின்னல் வெட்டுவது போன்ற வலியும் முதல் ஆண்டில் தூக்கத்தைக் கெடுத்தன. தூங்காதவர் எதையும் கற்பதில்லை. நரம்பு வலி மாத்திரைகளைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தபின்தான் பயிற்சி ஏறியது.

கொடை நரம்பு வேறானால்

மேல் வேர்கள் மட்டும் பிய்ந்து விரல்கள் வேலை செய்பவருக்கு விலாவிடை நரம்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1994இல் ஓபர்லின் விவரித்த முறையில், விரல்களுக்குப் போகும் அல்நார் நரம்பின் ஒரு இழைக்கட்டை மட்டும் பிரித்து பைசெப்ஸ் கிளையில் தைக்கலாம். ஆரம்பத்தில் முஷ்டியை இறுக்கினால் முழங்கை மடங்கும், ஆனால் பிரிப்பு மிக எளிதாக வருகிறது. இரண்டும் புறணியில் ஒரே கைப் பகுதி, அன்றாட வேலையிலும் சேர்ந்தே இயங்குபவை. மறுகோடியில், 1986இல் கு யுடோங் தொடங்கிய எதிர்ப்பக்க சி7 மாற்றத்தில் (நல்ல கைக்குப் போகும் சி7 வேரைச் செத்த கையோடு இணைப்பது) நல்ல கையை அசைத்தால்தான் செத்த கை அசையும், அதைத் தொட்டால் நல்ல கையில் தெரியும். வளர்ந்தவர்களில் பலருக்கு இது முழுமையாகப் பிரிவதில்லை. ஆனாலும் 2018இல் ஷாங்காய் மருத்துவர்கள், பக்கவாதத்தால் விறைத்த கையுடைய 36 பேரில் பாதிப் பேருக்கு இதைச் செய்து, 12 மாதத்தில் கைத்திறன் அளவீட்டில் சராசரி 17.7 புள்ளி உயர்வைக் கண்டார்கள். பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு 2.6. அங்கே கை நரம்பு அறுந்திருக்கவில்லை, அதை ஆளும் மூளைப் பக்கம்தான் சேதப்பட்டிருந்தது. நல்ல அரைக்கோளம் தன் பக்கத்துக் கையையும் ஏற்றுக்கொண்டது.

24ஆம் மாத நிலை

முழங்கை மடக்கு எம்4, மணிக்கட்டில் 1 கிலோ தொங்கவிட்டுத் தூக்குகிறார். தோள் சுமார் 40 பாகை விரிகிறது, தோள் மூட்டு இறங்குவது நின்றுவிட்டது. மணிக்கட்டும் விரல்களும் அசைவதில்லை. ஸ்பானர் இடக்கைக்கு மாறிவிட்டது; வலது முன்கை பொருளை மார்போடு அணைக்கவும் பை மாட்டவும் பயன்படுகிறது. தொடைத் தசை கிராசிலிஸை எடுத்து முன்கையில் வைத்து விரல் மடக்கு தரலாம் என்று சொல்லப்பட்டது. அதற்கு இன்னொரு கொடை நரம்பு வேண்டும். துணை நரம்பு செலவாகிவிட்டது, மிச்சம் 6ஆம் விலாவிடை நரம்பும் அதற்குக் கீழுள்ளவையும். விரலையும் மூச்சிலிருந்து பிரிக்க மறுபடி ஓராண்டுக்கு மேல் ஆகும், கூலியும் போகும் என்று கணக்குப் பார்த்து அவர் வேண்டாம் என்றார். தொங்கும் மணிக்கட்டை நிமிர்த்தி இணைத்துவிடும் எலும்பு அறுவைக்கு மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.